அடுப்பு வச்ச மூக்கும் சந்தியாகுவும்

சந்தியாகு குடியை விட்டு ரெண்டு வருசம் ஆகியிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருகிற குழப்பம் மொத்தமும் இதன் மேல்தான் நிற்கிறது.

அவன் அனல்மின் நிலையத்தில், எங்கள் கேங்கில் காண்ட்ராக்ட் ஆள். நான் பெர்மனென்ட், மேஸ்திரி. தனகோட்டி என்று பேர். நெய்வேலியில் காண்ட்ராக்ட்டுக்கும் பெர்மனென்ட்டுக்கும் நடுவில் ஒரு மைன்ஸ் ஆழத்துக்குப் பள்ளம் உண்டு. ஆனாலும் பங்கருக்குள் இறங்கினால் ரெண்டு பேர் மூஞ்சியும் ஒரே நிறம்தான்.

பங்கர் என்றால் நாலு மாடி உயரத்துக்கு இரும்புத் தொட்டி. பெல்ட்டில் வருகிற கரி அதில் விழும், அடிவாய் வழியாக பாய்லருக்குப் போகும். நம்ம ஊர் கரி ரெண்டு மூணு நாள் அசையாமல் கிடந்தால் தானாகவே சூடாகும். தீ தெரியாது. உள்ளுக்குள்ளேயே கனியும். அப்போது வருகிற வாயுவுக்கு வாடையே கிடையாது, அதுதான் வம்பு. தலை சுத்துகிறது என்று உட்காருவான், அப்புறம் எழுந்திருக்க மாட்டான். அதனால் ஒட்டின கரியைத் தட்டிவிட ஆள் இறங்குவதற்கு முன்னால் மீட்டர் இறங்க வேண்டும். அது சட்டம்.

சந்தியாகு வீடு டவுன்ஷிப்புக்கு வெளியே, வடக்குத்துப் பக்கம். ஒரு அறை, ஒரு மாட்டுக் கொட்டகை. அவன் பெண்சாதி மார்த்தாள் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஷெட்டில் வேலை. கொட்டை எண்ணெய் பட்டுப்பட்டு அவள் விரலெல்லாம் கறுத்துப் போயிருக்கும். சந்தியாகு குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவள் பட்டதை நான் எழுதப் போவதில்லை. அந்தத் தெருவுக்கே தெரியும். ஒரு தவக்காலத்தில் அவன் கோயிலில் முட்டி போட்டு விட்டுவிட்டதாகச் சொன்னான். மார்த்தாள் சாமியை நம்பினாள், இவனை நம்பவில்லை. ஒரு ஏற்பாடு செய்தாள்.

சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு அவன் வாசலில் நிற்க வேண்டும். அவள் வெளியே வருவாள். அவன் குனிந்து அவள் மூஞ்சிக்கு நேரே 'ஃபூ' என்று ஊதுவான். அவள் முகர்ந்து பார்த்து, தலையை ஆட்டி, சொம்பில் தண்ணி கொடுப்பாள். தண்ணி குடித்தால்தான் உள்ளே போகலாம்.

"ஒரு நாளு அந்தத் தண்ணி கெடைக்கலன்னு வச்சுக்க, மறுநாளு நான் கடலூர்ல எங்கண்ணன் வூட்டுல இருப்பேன். திரும்பி வரமாட்டேன்." இது அவள் சொன்னது. சொன்னால் செய்கிற பொம்பளை. சந்தியாகுவுக்கு அது தெரியும். ரெண்டு வருசம் ஒரு நாள் விடாமல் ஊதினான், தண்ணி குடித்தான். நானே ரெண்டு மூணு தடவை அங்கே நின்று பார்த்திருக்கிறேன். சிரிப்பு வரும். ஆனால் சிரிக்கத் தோன்றாது.

2004 பங்குனி கடைசியில் கோபாலகிருஷ்ணன் சார் வந்தார். கோயமுத்தூர் பக்கத்து ஆள், முப்பது வயசு இருக்கும். ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் செய்த புது மீட்டர் நாலு கொண்டு வந்திருந்தார், ஓட்டிப் பார்க்க. பழைய மீட்டர் செங்கல் மாதிரி கனக்கும். நாலு மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிடும். இது சோப்பு டப்பா அளவுதான். சட்டைப் பையில் குத்திக்கொள்ளலாம்.

"உள்ள என்னா சார் இருக்கு?" என்றேன்.

"ஒரு பீங்கான் தகடு, மேஸ்திரி. அரிசியில பாதி இருக்கும். அதுல மெல்லிசா ஒரு கோடு இழுத்திருக்கோம். கரண்ட் போனா முந்நூறு டிகிரிக்குக் காயும். மேல ஒரு பூச்சு இருக்கு. காய்ஞ்ச பூச்சு மேல வாயு பட்டா மீட்டருக்குத் தெரிஞ்சிடும்."

எங்கள் கேங்கில் குழந்தைவேல் என்று ஒருத்தன். வாய் சும்மா இருக்காது. "அப்ப அடுப்புன்னு சொல்லுங்க சார். கேட்டுல என் தீப்பெட்டியப் புடுங்கி வச்சிக்கினு, நீங்க பங்கருக்குள்ள அடுப்பு வச்சு அனுப்புறீங்க."

சார் சிரித்துவிட்டார். "மூடின அடுப்புப்பா. சுத்தி வலை போட்டிருக்கு, தீ வெளிய வராது. பழைய மீட்டர்லயும் அடுப்புதான் இருக்கு. அது பெருசு, பேட்டரியத் தின்னுடும். இத சின்னதாக்கினதுதான் எங்க வேலையே. ரெண்டு பென்சில் செல்லுல ஒரு ஷிப்ட் ஓடும்."

மூக்குக்கு எதற்கு அடுப்பு? என் மூக்கு சும்மாதானே முகர்கிறது. கேட்டேன். படம் போட்டு விளக்கினார். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். தலையை ஆட்டி வைத்தேன். இன்று வரைக்கும் எனக்கு அது புரியவில்லை.

"இதத் தூக்கிட்டுப் போறதுக்கு பீடி குடிக்காத, தண்ணி போடாத ஆளாக் குடுங்க. சாராய வாடை பட்டாலும் கத்தும், இன்னும் அந்தக் குறை இருக்கு" என்றார்.

நான்தான் சந்தியாகு பேரைச் சொன்னேன். வேற யார் பேரையும் யோசிக்கக்கூட இல்லை.

முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. சுவிட்சைப் போட்டதும் அது வேலை செய்யாது. அடுப்பு காய மூணு நிமிசம் ஆகும், அது வரைக்கும் பச்சை விளக்கு சிமிட்டும். சந்தியாகு அதைப் பையில் குத்திக்கொண்டு, விளக்கு நிலைக்கும் வரை சாமி கும்பிடுகிற மாதிரி நிற்பான். அப்புறம்தான் ஏணியில் கால் வைப்பான்.

ரெண்டாம் வாரம் திங்கட்கிழமை காலை. விளக்கு நிலைத்தது. அடுத்த வினாடி கீ கீ என்று கத்த ஆரம்பித்தது.

கத்தினால் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும், பெல்ட் நிற்க வேண்டும். நின்றது. பழைய மீட்டரை இறக்கிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. மறுபடி சந்தியாகு போனான். மறுபடி கத்தியது. மதியத்துக்குள் மூணு தடவை பெல்ட் நின்றது. ஷிப்ட் என்ஜினீயர் போனில் போட்ட கூச்சல் மீட்டர் கூச்சலைவிடப் பெரிசு.

சார் நாலு மீட்டரையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். குழந்தைவேல் கையில் கொடுத்தால் ரெண்டு நிமிசத்தில் அடங்கிவிடுகிறது. என் கையிலும் சும்மா இருக்கிறது. சந்தியாகு பையில் குத்தினால் கத்துகிறது. நாலும் அப்படியே.

"யோவ் சந்தியாகு, வாயு பங்கர்ல இல்லய்யா, உன் வவுத்துல இருக்கு!" என்றான் குழந்தைவேல். எல்லாரும் சிரித்தோம். சந்தியாகுவும் சிரித்தான். அன்றைக்கு மட்டும்.

செவ்வாய்க்கிழமை காண்ட்ராக்ட்காரரின் சூப்பர்வைசர் சுப்பிரமணியன் காதுக்கு விசயம் போய்விட்டது. வந்து நின்று பார்த்தார். "சாராய வாடைக்குக் கத்தும்னு சார்தானே சொன்னாரு? மெஷின் பொய் சொல்லுமா? பழைய குடிகாரன்யா இவன், எனக்குத் தெரியாதா?"

"இல்லீங்க, நான் தொட்டு ரெண்டு வருசம் ஆச்சுங்க."

"அத என்கிட்ட ஏன் சொல்ற? மீட்டர்கிட்ட சொல்லு."

அன்று டீ குடிக்கும்போது சந்தியாகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, பழைய சோத்துல சாராயம் இருக்குமா?"

"புளிச்சா கொஞ்சம் இருக்கும்னு சொல்லுவாங்க."

"அதாண்ணே! நான் தெனம் அதான் துன்றேன்."

புதன்கிழமை வெறும் வயிற்றோடு வந்தான். வேப்பங்குச்சியில் பல் தேய்த்து, உப்பு போட்டுக் கொப்பளித்து, தண்ணிகூடக் குடிக்காமல். மீட்டர் கத்தியது. வியாழக்கிழமை புதுசாகத் துவைத்த சட்டை போட்டு வந்தான். கத்தியது.

"அண்ணே, ரெண்டு வருசம் முன்ன குடிச்சது உடம்புலயே தங்கியிருக்குமா? எலும்புல கிலும்புல?"

"எலும்புல எப்படிடா தங்கும்?"

"எனக்கென்னா தெரியும். நீங்க மேஸ்திரி, அதான் கேட்டன்." கொஞ்ச நேரம் டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "தூக்கத்துல எழுந்துபோயி குடிச்சிட்டு வரேனோன்னு இருக்குண்ணே. படுக்கும்போது செருப்பக் கவுத்து வச்சிட்டுப் படுக்குறேன். காலைல பாத்தா கவுத்து வச்சபடியேதான் கெடக்கு. வெறுங்காலோட போயிருப்பேனோ?"

"மார்த்தா என்னா சொல்றா?"

"அவகிட்ட மீட்டர் விசயத்த நான் சொல்லல. சாயங்காலம் ஊதறேன். இல்லங்கறா. தண்ணி குடுக்கறா. அவளுக்கு மூக்கு கெட்டுப்போச்சோ என்னமோ. கொட்டை ஷெட்டுப் புகையிலயே கெடக்கறவ."

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். என்ன வார்த்தை என்றுதான் தெரியவில்லை. நாலு மீட்டர் ஒரே மாதிரி கத்துகிறது, ஆள் குடிக்கவில்லை என்கிறான். ரெண்டும் எப்படி நிஜமாக இருக்கும்? யோசித்து யோசித்துத் தலை வலித்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை சார் அவனைக் கிட்டே கூப்பிட்டு, வாயைத் திற என்று குனிந்தார். உடனே தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "மேஸ்திரி, தப்பா நினைக்காதீங்க. புளிச்ச வாடை வருதே."

நானும் முகர்ந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குழந்தைவேலும் முகர்ந்தான். அவனுக்கும் தெரியவில்லை. ஆனால் படித்தவர் மூக்கும் மெஷின் மூக்கும் ஒன்றையே சொன்னால், எங்கள் மூக்குக்கு என்ன மரியாதை?

சுப்பிரமணியன் பேப்பரை முன்னாடியே எழுதி வைத்திருந்தார். "வேலை நேரத்தில் குடித்துவிட்டு வந்தது உண்மை, மன்னிக்கவும்" என்று ரெண்டு வரி. "போட்டா பத்து நாள் கேட் பாஸ் என்கிட்ட இருக்கும், அப்பறம் வரலாம். போடலன்னா பாஸ் கட். வேற ஆள் எடுத்துக்குவேன்."

சந்தியாகு பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "அண்ணே, போடட்டுமா?"

"குடிச்சியாடா?"

"தெரியலண்ணே."

இல்லை என்று சொல்லவில்லை. தெரியவில்லை என்றான். அவன் கையெழுத்துப் போட்டான். ஹெல்மெட்டைக் கழற்றி, கழுத்துத் துண்டை எடுத்து மூஞ்சியைத் துடைத்து, ஆணியில் மாட்டினான். பாஸை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். துண்டை எடுக்க மறந்துவிட்டான்.

மறுநாள் சனிக்கிழமை. சந்தியாகு இடத்துக்குக் குழந்தைவேலைப் போட்டிருந்தேன். அவன் பூட்ஸ் கயிறு கட்டுகிற வரைக்கும் நான் மீட்டரைச் சுவிட்ச் போட்டு, அந்த ஆணியில்தான் மாட்டினேன். மூணு நிமிசம் சிமிட்டியது.

கீ கீ கீ.

எடுத்து மேசையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. மறுபடி ஆணியில் மாட்டினேன். கத்தியது.

"சந்தியாகு வூட்டுல கெடக்குறான். இங்க யார்ரா குடிச்சது?" என்றேன்.

"ஆணி" என்றான் குழந்தைவேல்.

அவனை முறைத்துவிட்டுத் துண்டைக் கையில் எடுத்தேன். பழுப்பாகக் கறை படிந்து, காய்ந்தும் காயாமல் மொடமொடவென்று இருந்தது. மீட்டரைக் கிட்டே கொண்டு போகப் போக இன்னும் வேகமாகக் கத்தியது. மூக்கில் வைத்து இழுத்தேன். ஒரு வாடையும் இல்லை. சித்திரை பிறந்தால் ஊரெங்கும் வழக்கமாக ஒரு வாடை இருக்கும் இல்லையா, அதுதான்.

சார் ஓடி வந்தார். துண்டை முகர்ந்தார். "இதே வாடைதான் மேஸ்திரி! நேத்து அந்தாள்கிட்ட வந்ததும் இதான். என்னது இது?"

"எந்த வாடை சார்?"

"உங்களுக்குத் தெரியலயா? புளிச்சு, இனிச்சு, ஒரு மாதிரி கப்புன்னு..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "முந்திரிப் பழம் சார்."

இங்கிருந்து பண்ருட்டி வரைக்கும் முந்திரித் தோப்புதான். பங்குனி, சித்திரை, வைகாசியில் கொட்டையைத் திருகிக்கொண்டு பழத்தை அப்படியே மரத்தடியில் குவித்துவிடுவார்கள். ஒரே வெயிலில் பழம் புளித்து நுரைத்துவிடும். ஊர் பூராவும் அந்த வாடைதான். பிறந்ததிலிருந்து முகர்கிறவனுக்கு அது வாடையே இல்லை. சந்தியாகுவின் மாடு போன வாரம்தான் கன்று போட்டிருந்தது. பழம் தின்றால் பால் கூடும் என்று மார்த்தாள் சொல்ல, திங்கட்கிழமையிலிருந்து தினமும் வேலைக்கு வரும் வழியில் தோப்பில் இறங்கி ஒரு சாக்கு பழம் அள்ளிக்கொண்டிருந்தான். ஒழுகுகிற சாக்கைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக் கேரியரில் கட்டுவான். வழிகிற சாற்றைக் கழுத்துத் துண்டில் துடைத்துக்கொள்வான். சட்டையை மாற்றினான், சோற்றை விட்டான், துண்டை மாற்றவில்லை. மீட்டரோ பையில், துண்டுக்கு நாலு விரல் கீழே. சாக்கு சைக்கிள் ஷெட்டில் எல்லார் கண்ணெதிரிலும் இருந்தது. ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

எனக்குச் சந்தோசம். சார் மட்டும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "ஆளக் கொல்ற வாயுவுக்கும் அழுகின பழத்துக்கும் வித்தியாசம் தெரியலன்னு நான் ரிப்போர்ட்ல எப்படி எழுதுவேன் மேஸ்திரி?" என்றார். ஆனாலும் நல்ல மனுசன். சாயங்காலம் அவரே மீட்டரையும் அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டு, கேட்டில் சீட்டுக் காட்டி, ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு வடக்குத்துக்கு வந்தார்.

வாசற்படியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பூட்டுப் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் என் சந்தோசம் பாதி இறங்கிவிட்டது. சந்தியாகு மாட்டுக் கொட்டகையில் குந்தியிருந்தான். மார்த்தாள் வெளியே வந்தாள்.

"வாங்கண்ணே. நேத்து இவுரு ஊதல. சைக்கிள வுட்டாரு, தலையக் குனிஞ்சிகினு கொட்டாயில போயி படுத்தாரு. அப்பறம் என்னா, எனக்குத் தெரியாதா? நாளைக்குப் பூசை முடிஞ்சி எங்கண்ணன் வருது."

"அவன் குடிக்கல மார்த்தா. செத்த நேரம் இரு, காட்டறேன்."

சார் மீட்டரைச் சுவிட்ச் போட்டார். மூணு நிமிசம். அக்கம்பக்கத்து ஆள்களெல்லாம் கூடிவிட்டார்கள். பச்சை விளக்கு சிமிட்டுவதை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மார்த்தாள் மட்டும் தகரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு நிலைத்தது. சார் கொட்டகைக்குள் போய்ப் பழக்குவியல் மேல் நீட்டினார். ஊரே கேட்கிற மாதிரி கத்தியது. மாடு என்னவோ ஏதோ என்று மூஞ்சியை நீட்டியது. அதன் வாய்க்கு நேரே காட்டினார். அதற்கும் கத்தியது.

"மாட்டுக்கும் பாஸ் கட் பண்ணிடுங்க சார்!" என்றது ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். சந்தியாகு எழுந்து வந்து குவியலையும் துண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். அவன் மூஞ்சியில் ஒரு வாரமாக இருந்த பயம் போய், வேறு ஒரு குழப்பம் வந்து உட்கார்ந்தது.

நான் நடந்ததை ஒன்று விடாமல் மார்த்தாளுக்குச் சொன்னேன். பேப்பரில் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"திங்கக்கெழமையிலருந்து அந்தப் பொட்டி கத்துதா?"

"ஆமா."

"திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நாலு நாளு நான் மோந்து பாத்து இல்லன்னேன். பொட்டி ஆமான்னுது." சந்தியாகு பக்கம் திரும்பினாள். "சரிய்யா. நானும் வேணாம், பொட்டியும் வேணாம். நீ குடிச்சியா இல்லியான்னு உனுக்குத் தெரியாது?"

"தெரியல மார்த்தா. அத்தன பேரும் சொன்னாங்க..."

"எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா? இது மாட்டுக்குப் பழம் அள்ளுற சாறுன்னு நான் அங்கியே சொல்லியிருப்பேன். தெனம் நான்தானே சாக்க அவுக்கறேன்! ரெண்டு வருசமா மோந்து மோந்து பாக்கறேன். ஒரு சோப்பு டப்பா வந்துச்சு, எம்மூக்கு கெட்டுப்போச்சுன்னுட்ட."

அது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். நான்தான் உளறினேன். ஒன்று விடாமல் சொன்னேன் என்று சொன்னேனே.

சந்தியாகு முன்னால் வந்து, வழக்கம்போலக் குனிந்து, ஊதுவதற்கு வாயைக் குவித்தான்.

"அந்த டப்பாகிட்டயே போயி ஊது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். போகும்போது தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள். அதனால் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை என்று தெரிந்தது. சொம்பு வரவில்லை. அதனால் என்ன அர்த்தம் என்று எங்கள் மூணு பேருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை சந்தியாகுவுக்குப் பாஸ் திரும்பக் கிடைத்தது. அந்தப் பேப்பரைக் கேட்டேன். "அது மேல போயிடுச்சு, எடுக்க முடியாது. இன்னொன்னு எழுதித் தரேன்" என்றார் சுப்பிரமணியன். ஆக ஃபைலில் ரெண்டு பேப்பர் இருக்கிறது. ஒன்றில் சந்தியாகு குடித்தான். இன்னொன்றில் துண்டு குடித்தது. பின்னால் படிக்கிறவன் பாடு.

சார் மீட்டர்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த அடுப்புக்கு முன்னால் கரித்தூளில் ஒரு வடிகட்டி வைக்கப் போவதாகச் சொன்னார். பழவாடையைக் கரி பிடித்துக்கொள்ளுமாம், கொல்கிற வாயுவை மட்டும் உள்ளே விடுமாம். கரியிலிருந்து வருகிற வாயுவைக் கண்டுபிடிக்கக் கரியையே காவல் வைப்பதா? நான் கேட்கவில்லை. மறுபடி படம் போடுவார்.

சந்தியாகு தினமும் சாயங்காலம் வாசலில் நின்று ஊதினான். மார்த்தாள் மாட்டைக் கவனித்துக்கொண்டு, இவன் பக்கம் திரும்பவே இல்லையாம். சோறு போட்டாள், பேசினாள், முகரவில்லை. அவன் திண்டாடிப்போய் வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தானாகவே உள்ளே போவான். காலையில் ஷிப்டுக்கு வந்ததும் நான் கேட்பேன், "தண்ணி கெடச்சுதா?" "இல்லண்ணே" என்பான். முந்திரி முடிந்தது. பண்ருட்டியில் பலாவும் குறைய ஆரம்பித்தது. கேட்பதை நான் நிறுத்திவிட்டேன்.

ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும். ஏணியடியில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே அவனாகச் சொன்னான். "அண்ணே, நேத்து தண்ணி குடிச்சன்."

"அட! மோந்து பாத்தாளா?"

"தெரியலண்ணே. ஊதும்போது மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிகினுதான் இருந்தா. ஆனா சொம்பு படியில இருந்துச்சு, ரொம்பி."

"உனக்கு வச்சதுதானா?"

"அதான் தெரியல." ஹெல்மெட் பட்டையை இறுக்கினான். "எடுத்துக் குடிச்சிட்டன். அவ ஒண்ணும் சொல்லலண்ணே."